கோடையில் கலைக் கண்காட்சியும் அருங்காட்சியகப் பட்டறையும்: முன்பதிவிலிருந்து வீடு திரும்பும் வரை முழுமையான வழிகாட்டி

கோடை வந்தால் அருங்காட்சியகங்களும் கலைக்கூடங்களும் நிகழ்ச்சிகளை அடுக்கிவிடுகின்றன. களிமண் பட்டறை, அச்சோவியப் பயிற்சி (பலகையிலோ தகட்டிலோ உருவம் செய்து, மை தடவித் தாளில் அச்செடுப்பது), கண்காட்சியைத் தேர்ந்தெடுத்து அமைக்கும் க்யூரேட்டரோடு ஒரு சுற்று, மாலைநேரத் திறப்பு என்று பட்டியல் நீளும். புதிதாக வருகிறவர்களை அழைத்துப் போகும்போதெல்லாம் நான் பார்ப்பது இதுதான்: கலை புரியவில்லை என்று யாரும் சோர்ந்து போவதில்லை. எதை முதலில் செய்வது என்று தெரியாமல்தான் சோர்ந்து போகிறார்கள். பட்டறை ஒரு மூலையில், பார்க்க வந்த ஓவியம் இன்னொரு மூலையில், நடுவில் வெயிலும் கால்வலியும் மூடும் நேரமும்.

நான் சொல்லும் வரிசை எளிது. முதலில் கண்காட்சி, அடுத்து பட்டறை, அப்புறம் காலையில் பார்த்த படைப்புகளில் இரண்டு மூன்றை மட்டும் மறுபடி போய்ப் பார்ப்பது. லினோ என்ற மென்மையான அச்சுத் தகட்டைக் கத்தியால் செதுக்கிய கையோடு ஓர் அச்சோவியத்தின் முன் நின்றால், முன்பு கண்ணில் படாத வெட்டுக்கோடுகள் ஒவ்வொன்றாகத் தெரியும். கீழே உள்ள படிகளெல்லாம் இந்த வரிசை தடையில்லாமல் நடப்பதற்காகத்தான்.

1. போகும் இடம் எந்த வகை என்று பாருங்கள்

நிரந்தரத் தொகுப்பு, தற்காலிகக் கண்காட்சி, தனியார் கலைக்கூடம், கலைக் கல்லூரி மாணவர் கண்காட்சி. முதலில் இதைப் பிரித்துக்கொள்ளச் சொல்வதற்குக் காரணம், நான்குக்கும் நாள்கணக்கு வேறு வேறு.

நிரந்தரத் தொகுப்பு ஆண்டு முழுக்க இருக்கும், அவசரம் இல்லை. தற்காலிகக் கண்காட்சிக்கு முடிவு நாள் உண்டு, பெரும்பாலும் தனி டிக்கெட்டும் உண்டு. தனியார் கலைக்கூடத்தில் நுழைவுக் கட்டணம் பொதுவாக இருக்காது. ஆனால் ஒரு கண்காட்சியை இறக்கி அடுத்ததை மாட்டும்வரை சில நாள் கதவு சாத்தியிருக்கும். மாணவர் கண்காட்சி கல்வியாண்டு முடிவில் நடக்கும், சீக்கிரமே முடிந்தும் விடும்.

எதை முதலில் பார்ப்பது என்று கேட்டால் நான் மாணவர் கண்காட்சியைத்தான் சொல்வேன். அங்கே படைப்பைச் செய்தவரே பெரும்பாலும் பக்கத்தில் நிற்பார். "இதை எப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் போதும், மனம் திறந்து பேசுவார். புதியவருக்கு இதைவிட நல்ல தொடக்கம் எனக்குத் தெரிந்து இல்லை.

2. அறிவிப்பை மூலத்தில் சரிபாருங்கள்

சமூக வலைத்தளத்தில் சுற்றும் போஸ்டரை நம்பிக் கிளம்ப வேண்டாம். பலமுறை பகிரப்பட்ட படத்தில் சென்ற ஆண்டுத் தேதிகூட இருக்கலாம். அந்த நிறுவனத்தின் சொந்த இணையதளத்தில் இந்த நான்கையும் பாருங்கள்.

வார விடுமுறை எந்த நாள்? பல அருங்காட்சியகங்களுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, சிலவற்றுக்கு வேறு நாள். கடைசி நுழைவு எத்தனை மணிக்கு? மூடும் நேரத்துக்கு அரை மணி, முக்கால் மணிக்கு முன்பே டிக்கெட் கொடுப்பதை நிறுத்திவிடுவது வழக்கம். நீங்கள் பார்க்க நினைக்கும் அறை திறந்திருக்கிறதா? பராமரிப்புக்காகச் சில அறைகளை மூடி வைப்பார்கள். நான்காவதுதான் பலருக்குத் தோன்றாதது: நீங்கள் தேடிப் போகும் படைப்பு இப்போது சுவரில் இருக்கிறதா?

ஓர் அருங்காட்சியகத்திடம் ஒரு படைப்பு இருக்கிறது என்பதால் அது எப்போதும் காட்சியில் இருக்கும் என்று எண்ணக்கூடாது. வியன்னாவின் அல்பெர்ட்டினா அருங்காட்சியகத்தில் ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1502இல் வரைந்த 'இளம் முயல்' இருக்கிறது. நீர்வண்ணத்தில் காகிதத்தில் வரைந்தது என்பதால் மூலத்தை எப்போதாவதுதான் வெளியே எடுக்கிறார்கள். காகிதம், துணி, புகைப்படம் எல்லாவற்றுக்கும் இதே கதைதான். வெளிச்சம் பட்ட நாள்களின் சேதம் கூடிக்கொண்டே போகும், ஓய்வு கொடுத்தாலும் போன நிறம் திரும்பாது. அதனால் சில மாதம் மாட்டிவிட்டு மறுபடி இருட்டறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள். இணையதளத்தில் தகவல் இல்லையென்றால் ஒரு போன் போட்டுக் கேளுங்கள், சொல்வார்கள்.

3. பட்டறையை முதலில் பதிவு செய்யுங்கள், டிக்கெட்டை அப்புறம் எடுங்கள்

பலரும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். கண்காட்சிக்கு ஒரு நாளில் ஆயிரம் பேர்கூட வந்து போகலாம். பட்டறையில் மேசை, கருவி, சொல்லித் தருகிறவரின் கவனம் எல்லாம் அளவுதான், அதனால் இடம் கொஞ்சம்தான் இருக்கும். சீக்கிரம் தீர்ந்துபோவதை முதலில் பிடித்துக்கொண்டு, அந்த நேரத்தைச் சுற்றி மற்றதை அமைப்பதுதான் சரி.

அறிவிப்பில் 'முன்பதிவு தேவையில்லை' என்று இருந்தாலும் இடம் நிச்சயம் என்று அர்த்தமில்லை. முதலில் வந்தவருக்கு முதலில் என்பதுதான் அதன் பொருள். அப்படிப்பட்ட நிகழ்ச்சிக்குத் தொடங்கும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்பே போய் நில்லுங்கள்.

பதிவு செய்யும்முன் கேட்க வேண்டியவை சில உண்டு. பொருள்கள் அவர்களே தருவார்களா, நாம் கொண்டுபோக வேண்டுமா? வயது வரம்பு உண்டா, குழந்தையோடு பெரியவரும் உள்ளே இருக்க வேண்டுமா, அவருக்கும் தனி டிக்கெட்டா? பட்டறைக் கட்டணத்தில் கண்காட்சி நுழைவும் சேர்ந்ததா? செய்த பொருளை அன்றே எடுத்துப் போகலாமா? வர முடியாமல் போனால் எதற்குள் ரத்து செய்ய வேண்டும்?

இவற்றோடு இன்னொரு கேள்வி, நம் வரிசைக்கு மிக முக்கியமானது: ஒரு முறை வெளியே வந்தால் அதே டிக்கெட்டில் மறுபடி கண்காட்சிக்குள் போகலாமா? சில இடங்களில் அன்று முழுக்கப் போய்வரலாம், சில இடங்களில் ஒரே முறைதான். ஒரே முறை என்றால், பட்டறை கண்காட்சிக் கதவுக்கு உள்ளே நடக்கிறதா வெளியேயா என்றும் கேளுங்கள். வெளியே என்றால், திரும்பிப் பார்க்கும் பகுதியைக் கட்டணமில்லாத நிரந்தரத் தொகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது, அங்கே மாட்டியிருக்கும் படைப்புகளோடு தொடர்புடையதாகப் பாருங்கள். அச்சோவியக் கண்காட்சி நடக்கும்போது லினோகட் பட்டறை, மட்பாண்ட அறை இருக்கும் இடத்தில் களிமண் பட்டறை. வகுப்பு மூடும் நேரத்துக்கு ஒரு மணி நேரமாவது முன்னால் முடிய வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் பார்க்க நேரம் இருக்காது.

எல்லாம் நிரம்பிவிட்டதா? காத்திருப்போர் பட்டியலில் பெயரைக் கொடுத்து வையுங்கள். விடுமுறை நாள்களில் கடைசி நேரத்தில் விலகுகிறவர்கள் உண்டு. உங்களால் போக முடியாமல் போனாலும் மறக்காமல் ரத்து செய்யுங்கள், அந்த நாற்காலிக்காக ஒருவர் காத்திருக்கிறார்.

4. நாளும் நேரமும்

கோடையில் பள்ளி விடுமுறை என்பதால் வார நாளிலும் நடுப்பகலில் கூட்டம் இருக்கும். திறந்த முதல் ஒரு மணி நேரம்தான் அமைதியானது. மாலைநேரத் திறப்பு இருந்தால் அதுவும் நல்லது, வெயிலில் நடக்க வேண்டியிருக்காது. கண்காட்சியின் முதல் வாரத்தையும் கடைசி வாரத்தையும் தவிர்த்துவிடுங்கள். முதல் வாரத்தில் ஆர்வம் மிகுந்தவர்கள் வருவார்கள், கடைசி வாரத்தில் இதுவரை தள்ளிப்போட்டவர்கள் எல்லோரும் வருவார்கள்.

தொடக்கவிழா மாலையில் படைப்பாளியைச் சந்திக்கலாம், பேசலாம். படைப்பைப் பார்க்க முடியாது, முன்னால் எப்போதும் யாராவது நின்றுகொண்டிருப்பார்கள். விழாவுக்குப் போனால் மனிதர்களுக்காகப் போங்கள், படைப்புகளுக்கு இன்னொரு நாள் வாருங்கள்.

சர்வதேச அருங்காட்சியக நாள் மே 18. அதை ஒட்டிய வாரத்தில் பல நாடுகளில் இலவச நுழைவும் சிறப்பு நிகழ்ச்சிகளும் இருக்கும், கூட்டமும் அதற்கேற்றபடி இருக்கும். அந்த நாளை நிகழ்ச்சிக்கு வைத்துக்கொண்டு, பொறுமையாகப் பார்ப்பதை வேறு நாளுக்கு மாற்றுவதே என் யோசனை.

5. உடையும் பையும்

வெளியே கொதிக்கும், உள்ளே குளிரும். ஓவியப் பலகையும் கேன்வாஸும் வெப்பமும் ஈரப்பதமும் மாறும்போது விரிந்து சுருங்கும், வண்ணம் வெடிக்கும். அதனால் குளிர்சாதன வசதியுள்ள அருங்காட்சியகங்கள் அறையை 20 டிகிரி செல்சியஸை ஒட்டி வைத்திருக்கப் பார்க்கும். வியர்த்த உடம்போடு நுழைந்தால் அரை மணியில் நடுங்கத் தொடங்கும். பையில் ஒரு மெல்லிய சால்வையோ முழுக்கைச் சட்டையோ இருக்கட்டும்.

தோளில் மாட்டும் சிறிய பை போதும். முதுகுப் பையை உள்ளே விடாததற்கு, விட்டால் முன்பக்கமாக மாட்டச் சொல்வதற்கு, காரணம் உண்டு. திரும்பும்போது பின்னால் இருக்கும் பையின் அகலம் நமக்கு உறைக்காது, சிற்பத்தில் இடித்துவிடும். நீளக் குடை, செல்ஃபி ஸ்டிக், முக்காலி எல்லாவற்றையும் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தால் வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.

எடுத்துப் போக வேண்டியவை: பென்சிலும் சிறு நோட்டும், சார்ஜ் ஏற்றிய போன், கம்பியுள்ள அல்லது இல்லாத சொந்த இயர்போன், வாசிப்புக் கண்ணாடி. கடைசியாகச் சொன்னதை நடுத்தர வயதுக்காரர்கள் அடிக்கடி மறக்கிறார்கள். மங்கிய வெளிச்சத்தில் படைப்புக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும் விவரச்சீட்டைப் படிக்க முடியாமல் பாதி அறையைக் கடந்துவிடுகிறார்கள். ஆடியோ வழிகாட்டி இப்போது பல இடங்களில் சொந்தப் போனிலேயே ஓடும். வீட்டு வைஃபையிலேயே செயலியை இறக்கிக்கொள்ளுங்கள், தடித்த சுவருக்குள் சிக்னல் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

பட்டறைக்குப் போவதால் கறை பட்டாலும் கவலையில்லாத உடை போடுங்கள். களிமண் துவைத்தால் போய்விடும், அச்சு மை போகாது. செருப்போ ஷூவோ, நீண்ட நேரம் நிற்கப் பழகியது வேண்டும்.

6. உள்ளே நுழைந்த முதல் பத்து நிமிடம்

நேராக ஓவியத்திடம் ஓட வேண்டாம். பையை ஒப்படையுங்கள், தண்ணீர் குடியுங்கள், கழிப்பறை போய்விட்டு வாருங்கள். காட்சி அறைகளுக்குள் தண்ணீர் பாட்டில் அனுமதி பெரும்பாலும் கிடையாது, அதனால் குடிக்க வேண்டியதை இங்கேயே குடித்துக்கொள்ள வேண்டும்.

அப்புறம் வரவேற்பு மேசையில் இரண்டு கேள்வி. பட்டறை எந்த அறையில்? இன்று ஏதாவது இலவச விளக்கச் சுற்று உண்டா? பட்டறை அறையைக் காலையிலேயே கண்ணால் பார்த்துவிடுவது நல்லது. பெரிய கட்டடங்களில் அது அலுவலகப் பக்கத்திலோ தனிக் கட்டடத்திலோ இருக்கும். தொடங்கும் நேரத்தில் தேடிக்கொண்டிருந்தால் முதல் செயல்விளக்கம் போய்விடும், அதை மறுபடி செய்துகாட்ட நேரம் இருக்காது.

இந்தப் பத்து நிமிடம் கண்ணுக்கும் தேவை. எதற்கு என்று அடுத்த படியில் சொல்கிறேன்.

7. எந்த அறையில் தொடங்குவது

கோடைக்கென்றே உள்ள விஷயம் இது. நேரடி வெயிலின் வெளிச்சம் ஒரு லட்சம் லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) அளவுக்குப் போகும். எண்ணெய் வண்ண ஓவியங்கள் உள்ள அறையில் ஏறத்தாழ 200 லக்ஸ் வைப்பார்கள். நீர்வண்ணம், அச்சோவியம், பழைய துணி, சுவடி உள்ள அறைகளில் 50 லக்ஸ்தான். வெயிலிலிருந்து நேராக அந்த மங்கிய அறைக்குள் போனால் படங்கள் வெறும் பழுப்பாகத் தெரியும். "இதில் ஒன்றுமே இல்லையே" என்று பலர் வெளியே வந்துவிடுகிறார்கள். கண் இருட்டுக்கு முழுதாகப் பழக இருபது முப்பது நிமிடம்கூட ஆகும்.

எனவே வெளிச்சமான அறையிலிருந்து மங்கிய அறைக்கு என்று வரிசை வையுங்கள். சிற்பம், எண்ணெய் வண்ணம், கடைசியில் காகிதமும் துணியும்.

விளக்கை ஏன் இவ்வளவு குறைக்கிறார்கள் என்று எரிச்சல் வந்தால் வான் கோவின் 'படுக்கையறை' ஓவியத்தை நினைத்துக்கொள்ளுங்கள். 1888இல் வரைந்தபோது அதன் சுவர்கள் மென்மையான ஊதா. நீலத்தோடு கலந்திருந்த சிவப்பு நிறமி காலப்போக்கில் வெளுத்துவிட்டது. இன்று நாம் பார்ப்பது நீலச் சுவர். எண்ணெய் வண்ணத்துக்கே இந்தக் கதி என்றால் நீர்வண்ணத்துக்கு என்ன ஆகும்!

அறைகளை எண்ணிப் பாருங்கள். ஒன்றரை மணி நேரத்தில் நன்றாகப் பார்க்க மூன்று நான்கு அறை போதும். தரைப்படத்தில் அவற்றை வட்டமிட்டுக்கொண்டு மற்றதை அன்றைக்கு விட்டுவிடுங்கள். கொடுத்த காசுக்கு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்ற எண்ணம்தான் புதியவர்களை அதிகம் களைப்பாக்குகிறது. களைத்த கையோடு பட்டறைக்குப் போனால் செதுக்கும்போது கத்தி வழுக்கும்.

8. ஒரு படைப்பின் முன் நிற்கும் முறை

நியூயார்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தில் பார்வையாளர்களைக் கவனித்துச் செய்த ஓர் ஆய்வு 2001இல் வெளியானது. ஓர் ஓவியத்தின் முன் செலவழித்த நேரம் சராசரியாக 27 வினாடி. அதில் பாதிப் பார்வைகள் 17 வினாடிக்குள் முடிந்துவிட்டன. எல்லாப் படைப்புக்கும் அதிக நேரம் கொடுக்க முடியாது, கொடுக்கவும் வேண்டாம். அறையை ஒரு சுற்றுச் சுற்றி வந்து, உங்களை நிற்கவைத்த ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதற்கு மட்டும் ஐந்து நிமிடம் கொடுங்கள்.

முதலில் விவரச்சீட்டைப் பார்க்காதீர்கள். சீட்டில் "தாயின் மறைவு" என்று இருந்தால் அதன்பின் கண் சோகத்தை மட்டுமே தேடும். நீங்களே முதலில் பாருங்கள்: வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது, கண் முதலில் எங்கே போய் நிற்கிறது, எது கூர்மை, எது மங்கல்.

தூரத்தையும் மாற்றுங்கள். அறையின் மறுபக்கத்திலிருந்து பார்த்தால் அமைப்பு தெரியும். சில அடி தூரத்தில் உருவங்கள். தரையில் போட்ட கோட்டை ஒட்டி நின்றால் கை வேலை: தூரிகை எப்படி இழுபட்டது, வண்ணம் எங்கே தடித்திருக்கிறது, எங்கே கேன்வாஸின் இழை தெரிகிறது. கண்ணாடி பளபளத்தால் ஓரடி பக்கவாட்டில் நகருங்கள். சிற்பம் என்றால் கட்டாயம் சுற்றி வாருங்கள், பின்பக்கம் முன்பக்கத்தைவிட உண்மை பேசும் சிற்பங்கள் உண்டு.

நடுவே உட்காருங்கள். அருங்காட்சியகக் களைப்பு என்பதைப் பற்றி பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் பணியாற்றிய பெஞ்சமின் கில்மன் 1916இலேயே எழுதினார். குனிந்தும் எம்பியும் பார்ப்பது உடம்பை எப்படி வாட்டுகிறது என்பதைப் புகைப்படங்களோடு காட்டினார். பெஞ்சு தென்பட்டால் களைப்பு வரும்முன்பே உட்கார்ந்துவிடுங்கள். மடக்கு ஸ்டூல் இரவல் தரும் இடங்களும் உண்டு, வரவேற்பில் கேட்டுப் பாருங்கள்.

9. இப்போது விவரச்சீட்டு

பெயர், ஆண்டு, ஊடகம் (எந்தப் பொருளில், எந்த முறையில் செய்தது), அளவு என்று வரும். ஓவியத்தின் அளவு பொதுவாக உயரம் முதலில், அகலம் அடுத்து, சிற்பமென்றால் ஆழம் மூன்றாவது. கீழே இருக்கும் புள்ளி வைத்த எண், எடுத்துக்காட்டாக 1998.45.2 போன்றது, பதிவு எண். அதில் முதல் பகுதி பெரும்பாலும் அந்தப் பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டு. படைப்பு செய்த ஆண்டு என்று புதியவர்கள் எடுத்துக்கொள்வது உண்டு.

அச்சோவியத்தின் அடியில் பென்சிலில் 7/50 என்று இருந்தால், ஐம்பது பிரதிகள் கொண்ட பதிப்பில் ஏழு என்று எண்ணிடப்பட்ட பிரதி. 'கடன்' என்ற குறிப்பு இருந்தால் வேறு ஒருவருக்குச் சொந்தமானது, கண்காட்சி முடிந்ததும் போய்விடும். திரும்பி வந்து பார்க்க இரண்டு மூன்றைத் தேர்வு செய்யும்போது கடன் வந்த படைப்புக்கு முன்னுரிமை கொடுங்கள்.

பட்டறைக்குப் போகும்முன் செய்ய வேண்டிய ஒரு வேலை: ஊடகம் என்ற வரியில் உங்கள் பட்டறையின் பொருள் வருகிறதா என்று பார்த்து, அந்தப் படைப்பின் பெயரையும் அறை எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். மாலையில் நேராக அங்கே போக வேண்டும்.

10. படம் எடுத்தல், வரைதல், தொடுதல்

படம் எடுக்கலாமா என்பதை ஒவ்வோர் அறை வாசலிலும் பாருங்கள். ஒரே கட்டடத்தில் ஓர் அறையில் அனுமதி, அடுத்த அறையில் தடை என்று இருக்கும். கடன் வந்த படைப்புகளுக்கு உரிமையாளர் போடும் நிபந்தனையும் காப்புரிமையும் அதற்குக் காரணம். போனில் ஃபிளாஷை உள்ளே நுழையும்போதே அணைத்துவிடுங்கள். படைப்பை எடுத்த உடனே பக்கத்துச் சீட்டையும் ஒரு படம் எடுங்கள். இல்லையென்றால் வீட்டுக்கு வந்தபின் எது யாருடையது என்று தெரியாது.

வரைந்து பார்க்க ஆசையா? பென்சில் மட்டும்தான். மை தெறித்தால் போகாது, கரித்துண்டின் தூள் காற்றில் பறந்து ஒட்டும், அதனால்தான் தடை. ஐந்து நிமிடப் பென்சில் கிறுக்கல் அழகாக இருக்க வேண்டியதில்லை. எந்த வளைவை வரையத் தடுமாறுகிறீர்களோ, அங்கேதான் அதுவரை நீங்கள் சரியாகப் பார்க்கவில்லை.

தொடுவது பற்றிக் கோடையில் கூடுதலாக ஒன்று. வியர்வையின் உப்பும் தோலின் எண்ணெயும் உலோகத்தை அரிக்கும், கல்லில் கறையாக இறங்கும். சன்ஸ்கிரீன் பூசிய கை இன்னும் மோசம், கண்ணாடிப் பெட்டியில்கூடக் கோடாகப் படியும். பூசிக்கொண்டு வந்திருந்தால் உள்ளே போகும்முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

11. பட்டறையில்

பத்து நிமிடம் முன்னால் போய் உட்காருங்கள். மோதிரம், வளையல், கடிகாரம் மூன்றையும் கழற்றிப் பையில் போடுங்கள். பொதுவாக ஒரு விதி: பெரிதாக யோசிக்காமல் சிறிய வடிவத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டு மணி நேர வகுப்பில் செயல்விளக்கமும் சுத்தம் செய்வதும் போக மீதி நேரம் நீங்கள் எண்ணியதைவிடக் குறைவு.

களிமண்: இரண்டு துண்டை வெறுமனே அழுத்தி ஒட்டினால் காயும்போது பிரிந்துவிடும். இரு பக்கத்தையும் கீறிவிட்டு, குழைத்த மண்கூழைத் தடவி ஒட்ட வேண்டும். தடிமனாகச் செய்யாதீர்கள். உள்ளே ஈரம் தங்கினால் சூளையில் அது நீராவியாகிப் பொருளை வெடிக்க வைக்கும். இதனாலேயே அன்றே எடுத்துப் போக முடியாது. நன்றாகக் காய வேண்டும், அப்புறம் சுட வேண்டும், வாரக்கணக்கில் ஆகும். அடியில் உங்கள் பெயரைக் கீறிவிட்டு, எப்போது வாங்கிக்கொள்வது, எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

லினோகட்: செதுக்கிய இடம் வெள்ளையாகும், விட்ட இடம் மை பிடிக்கும். படம் இடம் வலம் மாறி விழும், அதனால் எழுத்து இருந்தால் கண்ணாடியில் தெரிவதுபோல் திருப்பி வரைய வேண்டும். தமிழில் 'ஒ'வும் 'ஓ'வும் சுழி வைத்தவை, திருப்பி எழுதுவது சிரமம், முதல் முயற்சியில் எழுத்தே வேண்டாம். பிடித்திருக்கும் கை எப்போதும் கத்திக்குப் பின்னால் இருக்கட்டும். வளைவு வந்தால் கத்தியைத் திருப்பாமல் லினோவைத் திருப்புங்கள்.

சயனோடைப்: கோடைக்கே உரிய பட்டறை இது, வாய்ப்புக் கிடைத்தால் விடாதீர்கள். இரும்பு உப்புகள் பூசிய காகிதத்தின்மேல் இலையோ பூவோ வைத்து வெயிலில் காட்டினால், வெயில் பட்ட இடம் நீலமாகும், மறைந்த இடம் வெள்ளையாக நிற்கும். நல்ல வெயிலில் சில நிமிடம் போதும், மேகமூட்டம் என்றால் நேரம் கூடும். புதியவர்கள் செய்யும் தவறு, நிறம் வந்துவிட்டதா என்று நடுவில் இலையைத் தூக்கிப் பார்ப்பது. வைத்த இடம் நகர்ந்து விளிம்பு இரட்டையாகிவிடும். தட்டையான இலைகளே நன்றாக வரும், தடித்தவை காகிதத்தை விட்டு எழும்பி நிற்பதால் விளிம்பு கலங்கும். ஓடும் தண்ணீரில் நன்றாக அலசுங்கள். ஈரமாக இருக்கும்போது நீலம் வெளிறியிருந்தால் கவலை வேண்டாம், ஒரு நாளில் தானாகவே ஆழமாகும்.

க்யூரேட்டரோடு செல்லும் சுற்றில் முன்வரிசையில் நில்லுங்கள், பின்னால் குரல் எட்டாது. கேள்வி கேட்கத் தயங்காதீர்கள். "இந்த இரண்டையும் ஏன் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினீர்கள்?" என்பது எந்தக் கண்காட்சியிலும் பலன் தரும் கேள்வி. அதற்கான காரணம் சுவரில் எங்கும் எழுதியிருக்காது.

12. செய்த கையோடு திரும்பிப் போங்கள்

கையைக் கழுவிவிட்டு, நோட்டில் குறித்த அறைக்கு நேராகப் போங்கள். வேறு எங்கும் நிற்க வேண்டாம், நேரம் குறைவு.

இப்போது ஒரே கேள்வியோடு பாருங்கள்: இதை எந்த வரிசையில் செய்திருப்பார்கள்? குடத்தில் கைப்பிடி ஒட்டிய இடம் எங்கே, அந்த இணைப்பை எப்படி மறைத்தார்கள். அச்சோவியத்தில் இரண்டாவது நிறம் எங்கே கொஞ்சம் விலகி விழுந்திருக்கிறது. காலையில் 'அழகு' என்று சொல்லிக் கடந்ததில் இப்போது வேலை தெரியும். நான் கூட்டிப்போனவர்களில் பலர் பேசத் தொடங்குவதே இந்த இடத்தில்தான். அதனால்தான் மேலே டிக்கெட், நேரம், மறுநுழைவு என்று இவ்வளவு வற்புறுத்தினேன்.

13. குழந்தைகளோடு போனால்

வரிசை கொஞ்சம் மாறும். சிறு குழந்தையென்றால் பட்டறைக்கு முன் நீண்ட நேரம் பார்க்க வேண்டாம், அரை மணி பார்த்தால் போதும், அப்புறம் பட்டறை. அந்த அரை மணியிலும் தேட ஒன்று கொடுங்கள்: நாய் எத்தனை, சிவப்பு உடை எங்கே, தூங்குகிறவர் யார். "தொடாதே" என்று உள்ளே போய்ச் சொல்வதைவிட, ஏன் தொடக்கூடாது என்பதை வாசலிலேயே சொல்லிவிடுங்கள், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதை விளையாட்டாக்குங்கள். பட்டறையில் குழந்தையின் களிமண்ணைத் திருத்தாதீர்கள். பெரியவர் கை பட்டதும் அந்தப் பொருளில் குழந்தைக்கு ஆர்வம் போய்விடுகிறது, இதை நான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

சத்தமும் கூட்டமும் தாங்காத குழந்தைகளுக்காக அமைதி நேரம் ஒதுக்கும் அருங்காட்சியகங்கள் உண்டு, முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

14. தனியார் கலைக்கூடமும் திறந்தவெளிச் சிற்பமும்

வாங்காமல் உள்ளே போகலாமா என்று தயங்கி வாசலோடு திரும்புகிறவர்கள் அதிகம். போகலாம். வணக்கம் சொல்லிவிட்டுப் பாருங்கள், அவ்வளவுதான். சுவரில் விலை இல்லாவிட்டால் மேசையில் பட்டியல் இருக்கும், கேட்டால் தருவார்கள். சீட்டின் பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் விற்றுவிட்டது என்று பொருள். படைப்பாளியின் குறிப்பைக் கேட்டு வாங்கிப் படியுங்கள்.

திறந்தவெளிச் சிற்பங்களைக் காலையிலோ மாலையிலோ பாருங்கள். சூரியன் சாய்ந்திருக்கும்போதுதான் மேடுபள்ளம் நிழலோடு தெரியும், உச்சி வெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும். தொடலாம் என்று எழுதியிருந்தாலும் உலோகச் சிற்பத்தில் குழந்தையைச் சாய விடாதீர்கள், சுடும்.

15. வீடு திரும்பியதும்

அன்று இரவே நோட்டில் மூன்று வரி எழுதுங்கள்: எதன் முன் நின்றேன், திரும்பிப் போனபோது புதிதாக என்ன தெரிந்தது, எதைப் பார்க்கவில்லை. எடுத்த படங்களைச் சீட்டோடு சேர்த்து ஒரு தனி ஆல்பத்தில் போடுங்கள், வேண்டாததை அழித்துவிடுங்கள். அச்சு மை காய ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம், லினோ அச்சைச் சுருட்டாமல் தட்டையாக வையுங்கள். சயனோடைப்பை வெயில் படும் சுவரில் மாட்டாதீர்கள், வெளுக்கும்.

களிமண் பொருளை வாங்கப் போகும் நாளை இப்போதே காலண்டரில் குறித்துவிடுங்கள். கெடு தாண்டினால் பல இடங்களில் வைத்திருக்க மாட்டார்கள். போகும் அன்று, தரைப்படத்தில் வட்டமிடாமல் விட்ட அறைகளில் ஒன்றைப் பார்க்க ஒரு மணி நேரம் சேர்த்து வைத்துக்கொண்டு கிளம்புங்கள்.